அமெரிக்கா கடல் தாண்டிப் பிடித்த நிலங்கள், 1893–1917: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின்–அமெரிக்கப் போர், பிலிப்பைன்ஸ், ஹவாய், பனாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பாடப்புத்தகங்களில் இந்தக் காலம் பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துவிடும். அதுவும் கடற்போரோடு நின்றுவிடும். எந்த நிலம் எந்தக் காகிதத்தின் வழியாக அமெரிக்காவிடம் போனது, அங்கே வாழ்ந்தவர்களை யாராவது கேட்டார்களா என்று பார்த்தால்தான் இன்றைய நிலைமைவரை விளங்கும். அதனால் பதில்களில் ஒப்பந்தம், தீர்மானம், குத்தகை, தீர்ப்பு ஆகியவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

1. அமெரிக்காவுக்குக் காலனி இருந்துச்சா? பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும்தானே இருந்துச்சு?

இருந்தது. 1898 ஜூலையில் ஹவாய், அதே ஆண்டு டிசம்பரில் கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தால் பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ, குவாம், 1899இல் வேக் தீவு, சமோவாவின் கிழக்குப் பாதி, 1903இல் பனாமா கால்வாய் மண்டலம், 1917இல் டென்மார்க்கிடமிருந்து 2.5 கோடி டாலருக்கு வாங்கிய வர்ஜின் தீவுகள். கியூபாவை 1899 முதல் 1902 வரை அமெரிக்க ராணுவம் நேரடியாக ஆண்டது. இதற்கெல்லாம் முன்பே, 1867இல், அலாஸ்காவும் மிட்வே தீவும் கைக்கு வந்திருந்தன.

‘காலனி’ என்ற பெயரை வாஷிங்டன் தவிர்த்தது. ஆனால் ஆளுநர் வெளியிலிருந்து வருவார், சட்டம் வெளியிலிருந்து வரும், அந்தச் சட்டத்தை இயற்றும் சபையில் உள்ளூர்க்காரருக்கு வாக்கு இருக்காது என்றால் அதைக் காலனி ஆட்சி என்று சொல்வதில் தவறில்லை.

2. தானே பிரிட்டனை எதிர்த்து விடுதலை வாங்கின நாடு, ஏன் அடுத்தவன் நாட்டைப் பிடிக்கப் போச்சு?

ஒரே காரணம் தேடினால் கிடைக்காது. பூர்வகுடி மக்களின் நிலங்களையும் மெக்சிகோவின் வட பகுதியையும் பிடித்து, கண்டத்துக்குள் பரவி முடித்த நாடு அது. குடியேற்ற எல்லைக்கோடு என்று ஒன்று இனி இல்லை என 1890 மக்கள்தொகைக் கணக்கு அறிவித்தது. 1893இல் கடுமையான பொருளாதார மந்தம் வந்தது. ஆலைச் சரக்குக்கு வெளிச்சந்தை வேண்டும், சீனா அதற்கு ஏற்ற இடம் என்ற பேச்சு வலுத்தது. கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மஹான் போன்றவர்கள் பெரிய கடற்படையும் அதற்குத் தளங்களும் இல்லாத நாடு வல்லரசாக முடியாது என்று வாதிட்டார்கள். வெள்ளையர் ஆளப் பிறந்தவர்கள் என்ற இனவெறி எண்ணம் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

பலர் கவனிக்காமல் விடுவது நிலக்கரியை. நீராவிப் போர்க்கப்பலுக்கு வழியில் கரி ஏற்ற இடம் இல்லையென்றால் அது நகராது. 1898இல் ஸ்பெயினோடு போர் தொடங்கும்போது அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் டூயியின் கப்பல்படை பிரிட்டன் ஆண்ட ஹாங்காங்கில் நின்றது. பிரிட்டன் நடுநிலை அறிவித்ததும் துறைமுகத்தை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். டூயி முன்கூட்டியே நான்ஷான் என்ற கரிக்கப்பலை அதன் சரக்கோடு விலைக்கு வாங்கி வைத்திருந்ததால்தான் மணிலாவரை போக முடிந்தது. அமெரிக்காவுக்குச் சொந்தமான மிக அருகிலுள்ள துறைமுகம் பசிபிக்கின் மறுகரையில் இருந்தது. குவாம், வேக், மிட்வே, பேர்ல் ஹார்பர் ஆகியவற்றை வரைபடத்தில் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். இந்தச் சிக்கலுக்குத் தேடிய தீர்வு தெரியும்.

3. மெயின் கப்பலை ஸ்பெயின் வெடி வச்சுத் தகர்த்ததாலதானே போர் வந்துச்சு?

ஸ்பெயின் வைத்தது என்பதற்கு அன்றும் ஆதாரம் இல்லை, இன்றும் இல்லை. 1898 பிப்ரவரி 15 இரவு, ஸ்பெயின் ஆண்ட கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் மெயின் வெடித்து 260க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். கடற்படை விசாரணைக் குழு, வெளியிலிருந்த கண்ணிவெடியே காரணம் என்றது. யார் வைத்தார்கள் என்று சொல்லவில்லை. பத்திரிகைகள் அந்த இடைவெளியை ஸ்பெயினின் பெயரால் நிரப்பிவிட்டன. 1976இல் அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வு, உள்ளேயே தொடங்கிய வெடிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. அந்தக் காலக் கப்பல்களில் கரி அறைக்கும் வெடிமருந்து அறைக்கும் நடுவில் ஓர் எஃகுச் சுவர்தான் தடுப்பு. குவிந்து கிடக்கும் கரி தானாகவே சூடேறிப் புகையும். அந்தச் சூடு சுவரைத் தாண்டினால் மருந்து பற்றிக்கொள்ளும்.

போருக்கு வேர் அதற்கு முன்பே இருந்தது. கியூபர்கள் 1895 முதல் ஸ்பெயினை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினின் ஜெனரல் வைலர் கிராம மக்களை வலுக்கட்டாயமாக முகாம்களில் அடைத்தார். பசியாலும் நோயாலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். இதை நினைவில் வையுங்கள், 6ஆம் கேள்வியில் வேண்டியிருக்கும். ‘நீ படம் அனுப்பு, நான் போரை அனுப்புகிறேன்’ என்று பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் தந்தி அடித்ததாகச் சொல்லப்படும் கதையைத் தேர்வுத்தாளில் எழுதாதீர்கள். அப்படி ஒரு தந்தி கிடைத்ததே இல்லை.

4. கியூபாவுக்காகப் போட்ட சண்டை, பிலிப்பைன்ஸ்ல எப்படி ஆரம்பிச்சுது?

ஸ்பெயினின் பசிபிக் கடற்படை மணிலாவில் இருந்தது. போர் வந்தால் அதை அடிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை முன்பே திட்டம் போட்டிருந்தது. 1898 மே 1 காலையில் டூயி சில மணி நேரத்தில் அதை அழித்தார். ஆனால் நகரத்தைப் பிடிக்க அவரிடம் தரைப்படை இல்லை. ஹாங்காங்கில் நாடு கடந்து இருந்த பிலிப்பினோ விடுதலைப் போராட்டத் தலைவர் எமிலியோ அகினால்டோவை அமெரிக்கக் கப்பலிலேயே மே 19 அன்று கொண்டுவந்து இறக்கினார்கள். அகினால்டோவின் படை ஊர் ஊராக ஸ்பானியரை விரட்டி மணிலாவைச் சுற்றி வளைத்தது. ஜூன் 12 அன்று காவிட் ஊரில் பிலிப்பைன்ஸ் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை.

ஆகஸ்ட் 13 அன்று நடந்தது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. ஸ்பானிய ஆளுநர் ஹாவுதெனெஸ் பிலிப்பினோக்களிடம் சரணடைய விரும்பவில்லை. பெல்ஜியத் தூதர் வழியாக டூயியோடு பேசி, பெயருக்குக் கொஞ்சம் சுட்டுவிட்டு வெள்ளைக் கொடி காட்டுவது, பிலிப்பினோ படையை நகருக்குள் விடாமல் தடுப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அப்படியே நடந்தது. அதற்கு முந்தைய நாளே வாஷிங்டனில் போர்நிறுத்தம் கையெழுத்தாகியிருந்தது. டூயி மே மாதத்தில் கடலடித் தந்திக் கம்பியை வெட்டியிருந்ததால் செய்தி மணிலாவுக்கு வந்து சேரவில்லை.

5. 2 கோடி டாலருக்கு பிலிப்பைன்ஸை வாங்கினாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

1898 டிசம்பர் 10 பாரிஸ் ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு அந்தத் தொகையைச் சொல்கிறது. போர்ட்டோ ரிக்கோவுக்கும் குவாமுக்கும் தொகை கிடையாது. அவை போரில் வென்ற பங்கு. மணிலா போர்நிறுத்தத்துக்கு மறுநாள் பிடிபட்டதால் பிலிப்பைன்ஸை அப்படிக் கேட்பது சட்டப்படி இடறியது. பணம் கொடுத்து அதைச் சரிக்கட்டினார்கள். வாங்கியவரும் விற்றவரும் மேசையில் இருந்தார்கள். அகினால்டோவின் தூதர் ஃபெலிப்பே அகோன்சிய்யோ பாரிஸ் வரை போயும் அவரை உள்ளே விடவில்லை.

அமெரிக்க செனட்டில் ஒப்பந்தம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1899 பிப்ரவரி 6 அன்று 57க்கு 27 என்று, தேவையைவிட ஒரே ஒரு வாக்கு அதிகமாகப் பெற்று நிறைவேறியது. இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 4 இரவு, மணிலா புறநகரில் அமெரிக்கக் காவல்வீரர் சுட்டதில் பிலிப்பைன்ஸ்–அமெரிக்கப் போர் தொடங்கியிருந்தது.

6. பிலிப்பைன்ஸ் போர்ல எத்தனை பேர் இறந்தாங்க? ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு எண் இருக்கு.

எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எதைக் கணக்கிடுகிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்க வீரர்கள் 4,200 பேருக்கு மேல். பாதிக்கும் அதிகமானோர் நோயால் இறந்தவர்கள். பிலிப்பினோ போராளிகள் சுமார் 20,000 பேர். பொதுமக்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு 2 லட்சம். இதைவிட அதிகம் சொல்பவர்களும் உண்டு. வேறுபாடு வரக் காரணம், நோயில் செத்தவர்களைப் போர்க்கணக்கில் சேர்ப்பதா என்பதுதான். 1902இல் தொடங்கிய காலரா மட்டும் இரண்டு ஆண்டுகளில் 1 லட்சம் பேருக்கு மேல் கொன்றது.

சேர்க்கத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்து. உழவு எருமைகளில் பெரும்பகுதி வெக்கை நோயில் செத்திருந்தது. வயலும் களஞ்சியமும் எரிக்கப்பட்டன. பதாங்கஸ் மாகாணத்தில் ஜெனரல் ஃபிராங்க்ளின் பெல், 1901 டிசம்பர் 25க்குள் மக்கள் எல்லாரும் குறித்த எல்லைக்குள் வந்துவிட வேண்டும், வெளியே கிடைக்கும் உணவு பறிமுதல் செய்யப்படும் அல்லது அழிக்கப்படும் என்று உத்தரவிட்டார். நெரிசல், பட்டினி, கெட்ட தண்ணீர் மூன்றும் சேர்ந்த இடத்தில் காலரா தானாக வந்த விபத்து ஆகாது. கியூபாவில் வைலர் செய்ததைக் கொடுமை என்று சொல்லிப் போருக்குப் போன ராணுவம், நான்கு ஆண்டுக்குள் அதே வேலையைச் செய்தது.

சமார் தீவில் 1901 செப்டம்பரில் பலாங்கிகா ஊர்மக்கள் தாக்கியதில் 48 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பதிலுக்கு ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் தூக்கக்கூடிய 10 வயதுக்கு மேற்பட்ட யாரையும் விடாதே என்று உத்தரவிட்டது அமெரிக்க ராணுவ நீதிமன்றத்திலேயே பதிவானது. அவருக்குக் கிடைத்த தண்டனை கண்டிப்பும் கட்டாய ஓய்வும். கைதியை மல்லாக்கப் படுக்கவைத்து வயிறு உப்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றி, பிறகு வயிற்றை அமுக்கும் சித்திரவதையை வீரர்களே 1902இல் செனட் குழுமுன் விவரித்தார்கள். பலாங்கிகா தேவாலயத்திலிருந்து எடுத்துப்போன மணிகள் 2018 டிசம்பரில்தான் திரும்பி வந்தன.

7. போர் 1902ல முடிஞ்சுதா, 1913லயா?

அகினால்டோ 1901 மார்ச் 23 அன்று பிடிபட்டார். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக அறிவித்தார். தெற்கே முஸ்லிம் மோரோ மக்களோடு சண்டை தொடர்ந்தது. 1906இல் புத் தாஹோ எரிமலை வாயில் ஒதுங்கியிருந்த நூற்றுக்கணக்கானோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். 1913 புத் பக்சாக் சண்டையைக் கடைசி என்று எடுத்தால் அந்த ஆண்டு வரும். இரண்டு தேதியும் புத்தகங்களில் உண்டு.

8. ஹவாய்க்கும் ஸ்பெயினுக்கும் சம்பந்தமே இல்லையே, அது எப்படி 1898ல வந்துச்சு?

கதை சர்க்கரையில் தொடங்குகிறது. 1875 ஒப்பந்தப்படி ஹவாய்ச் சர்க்கரைக்கு அமெரிக்காவில் இறக்குமதி வரி இல்லை. தோட்டங்கள் பெருகின. 1887இல் தோட்ட முதலாளிகள் பக்கத்து ஆயுதக் குழு மன்னர் கலாகாவாவை மிரட்டி ஓர் அரசியலமைப்பில் கையெழுத்து வாங்கியது; சொத்துத் தகுதி வைத்ததால் பெரும்பாலான பூர்வகுடிகள் வாக்கை இழந்தார்கள். பிறகு 1890இல் அமெரிக்கா எல்லா நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் வரியை நீக்கி, உள்நாட்டு உற்பத்திக்குப் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் தந்தது. ஹவாய்க்கு இருந்த சலுகை ஒரே அடியில் போனது. அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டால் அந்த மானியம் நமக்கும் வரும் என்ற கணக்கு சிலருக்குப் பிடித்துப்போனது.

ராணி லிலியுஓகலானி புதிய அரசியலமைப்பால் உரிமைகளை மீட்க முயன்றார். 1893 ஜனவரி 17 அன்று அவரைக் கவிழ்த்தார்கள். அதற்கு முந்தைய நாள் அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸின் கோரிக்கைப்படி பாஸ்டன் என்ற போர்க்கப்பலிலிருந்து 162 பேர் ஆயுதத்தோடு இறங்கி, அரண்மனைக்கு அருகே முகாமிட்டிருந்தார்கள். குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து இது அநீதி என்று சொல்லி இணைப்பு ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் ராணியை அரியணையில் திரும்ப ஏற்றவில்லை.

சர்க்கரை 1893ஐ விளக்கும், 1898ஐ முழுதாக விளக்காது. 1894இலேயே வரி திரும்ப வந்து ஹவாயின் சலுகை உயிர்பெற்றுவிட்டது. கிளாஸ் ஸ்பிரெக்கெல்ஸ் போன்ற பெரிய சர்க்கரை முதலாளி இணைப்பை எதிர்த்தார். 1897இல் 21,000க்கு மேற்பட்டோர் இணைப்பு வேண்டாம் என்று மனுவில் கையெழுத்திட்டார்கள். அன்று பூர்வகுடிகள் மொத்தமே ஏறத்தாழ 40,000 பேர். ஒப்பந்தத்துக்கு செனட்டில் வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. டூயி மணிலாவில் வென்றபின், அங்கே படை அனுப்ப வழித்தளம் வேண்டும் என்ற அவசரத்தில், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற கூட்டுத் தீர்மான வழியைப் பிடித்தார்கள். 1898 ஜூலை 7 அன்று அதிபர் மெக்கின்லி கையெழுத்திட்டார். 1993இல் அமெரிக்க நாடாளுமன்றமே இந்தக் கவிழ்ப்புக்கு மன்னிப்புக் கேட்டது.

9. ஹவாய்க்குப் போன மிஷனரிகளும் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கன் மிஷனும் ஒண்ணா?

ஒரே தலைமையகம்: பாஸ்டனிலிருந்த வெளிநாட்டு மிஷன்களுக்கான அமெரிக்க வாரியம். 1816இல் யாழ்ப்பாணம், 1820இல் ஹவாய், 1834இல் மதுரை. வட்டுக்கோட்டை செமினரி, மானிப்பாய் மருத்துவமனை, மதுரை அமெரிக்கன் கல்லூரி எல்லாம் அந்த வரிசையில் வந்தவை.

விளைவு வேறாகப் போனதற்குக் காரணம், மிஷனரிகளின் குணத்தைவிட அந்த இடங்களின் ஆட்சிதான். இலங்கையிலும் மதுரையிலும் நிலமும் அரசும் பிரிட்டிஷ் பிடியில் இருந்தன. அமெரிக்கர்கள் பள்ளி, அச்சகம், மருத்துவம் என்று நின்றார்கள். ஹவாயில் சுதந்திர அரசு இருந்தது. அங்கே மிஷனரிகள் அரசருக்கு ஆலோசகர்கள் ஆனார்கள். அடுத்த தலைமுறை தோட்டங்களும் பதவிகளும் பெற்றது. 1893க்குப்பின் ஆட்சித் தலைவரான சான்ஃபோர்டு டோல் மிஷனரியின் மகன். கவிழ்ப்பைத் திட்டமிட்ட லோரின் தர்ஸ்டன் மிஷனரிகளின் பேரன்.

10. குவாம்ல சண்டையே நடக்கலையாமே?

நடக்கவில்லை. 1898 ஜூன் 20 அன்று சார்ல்ஸ்டன் என்ற கப்பல் பழைய கோட்டையை நோக்கிச் சுட்டது. போர் வந்த செய்தியே குவாமுக்குப் போயிருக்கவில்லை. ஸ்பானிய அதிகாரிகள் அதை மரியாதை வேட்டு என்று நினைத்துப் படகில் வந்து, பதில் வேட்டுப் போட மருந்து இல்லை என்று வருத்தம் தெரிவித்தார்கள். மறுநாள் தீவு கைமாறியது.

11. கியூபாவைப் பிடிக்க மாட்டோம்னு சட்டமே போட்டாங்களே, அப்புறம் குவாண்டனாமோ எப்படி?

நீங்கள் சொல்வது 1898 ஏப்ரல் டெல்லர் திருத்தம். கியூபாவைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்று அது சொன்னது. கியூபாவை மட்டும்தான் சொன்னது. போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் பற்றி ஒரு வரியும் இல்லை. 1901இல் ராணுவச் செலவு மசோதாவில் பிளாட் திருத்தம் சேர்ந்தது: கியூபாவில் தலையிடும் உரிமை, கடற்படைத் தளத்துக்கு நிலம், வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பாடு. இதை அரசியலமைப்பில் சேர்க்கும்வரை படை வெளியேறாது என்ற நிலையில், கியூப அரசியலமைப்பு அவை 16க்கு 11 என்று ஏற்றது. 1906–09இல் அமெரிக்கா மறுபடி கியூபாவை ஆண்டது.

குவாண்டனாமோ 1903 குத்தகையில் போனது. வாடகை ஆண்டுக்கு 2,000 டாலர் தங்க நாணயம், பிறகு 4,085 டாலர். பிளாட் திருத்தம் 1934இல் நீங்கியும் குத்தகை நீங்காமல் தொடர்ந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், அல்லது அமெரிக்காவே காலி செய்தால்தான் அது முடியும். 1959 புரட்சிக்குப்பின் ஒரே ஒரு காசோலை மாற்றப்பட்டது. மற்றவற்றைக் கியூபா பணமாக்கவே இல்லை.

12. போர்ட்டோ ரிக்கோக்காரங்க அமெரிக்கக் குடிமக்கள்னா ஏன் அதிபர் தேர்தல்ல ஓட்டு இல்லை?

5ஆம் கேள்வியில் சொன்ன பாரிஸ் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள்: இந்நிலங்களின் பூர்வகுடிகளுடைய குடியியல் உரிமைகளும் அரசியல் நிலையும் அமெரிக்க நாடாளுமன்றத்தால் தீர்மானிக்கப்படும். முந்தைய அமெரிக்க விரிவாக்க ஒப்பந்தங்களில் குடியுரிமைக்கு ஏதாவது வாக்குறுதி இருக்கும். இதில் இல்லை.

அடுத்தது ஆரஞ்சுப் பழம். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஆரஞ்சுகளுக்கு 659.35 டாலர் சுங்கம் வசூலித்தார்கள். அமெரிக்காவுக்குள்ளேயே சரக்கு போனால் வரி எப்படி என்று வணிகர் டவுன்ஸ் வழக்குப் போட்டார். 1901இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று, இந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அரசியலமைப்பு முழுவதும் பொருந்துமளவுக்கு அமெரிக்காவின் பகுதி ஆகவில்லை என்றது. தீர்ப்பை அறிவித்த நீதிபதி ஹென்றி பிரௌன், ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி சரி என்ற 1896 தீர்ப்பையும் எழுதியவர்.

1917இல் குடியுரிமை வந்தது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழு மாநிலங்களுக்கும் தலைநகருக்கும்தான். அதனால் சான் ஹுவானில் இருக்கும் ஒருவருக்கு வாக்கு இல்லை. அவரே ஃபுளோரிடாவில் குடியேறினால் உண்டு. ஸ்பெயின் 1897இல் தந்த தன்னாட்சிச் சாசனத்தில் போர்ட்டோ ரிக்கோவுக்கு மாட்ரிட் நாடாளுமன்றத்தில் வாக்குள்ள உறுப்பினர்கள் இருந்தார்கள். இன்று வாஷிங்டனில் இருப்பவர், அவையின் இறுதி வாக்கெடுப்பில் வாக்கில்லாத ஒரே ஒரு பிரதிநிதி.

13. பனாமாவும் இந்தக் கணக்குல வருமா? அது தனியாப் பிரிஞ்ச நாடுதானே?

பிரிந்த விதத்தைப் பாருங்கள். பனாமா அப்போது கொலம்பியாவின் பகுதி. அமெரிக்காவோடு போட்ட கால்வாய் ஒப்பந்தத்தைக் கொலம்பியாவின் செனட் 1903 ஆகஸ்டில் நிராகரித்தது. நவம்பர் 3 அன்று பனாமாவில் கிளர்ச்சி. அதை அடக்கக் கொலோன் துறைமுகத்தில் சுமார் 500 கொலம்பிய வீரர்கள் இறங்கினார்கள். அமெரிக்கர் நடத்திய ரயில் நிறுவனம் தளபதிகளை மட்டும் தனி வண்டியில் ஏற்றிப் பனாமா நகருக்கு அனுப்பிவிட்டு, வீரர்களுக்குப் பெட்டி இல்லை என்றது. தளபதிகள் அங்கே கைதானார்கள். நாஷ்வில் போர்க்கப்பல் கொலோனில் நின்றது. நவம்பர் 6 அன்று அமெரிக்கா புது நாட்டை அங்கீகரித்தது.

நவம்பர் 18 ஒப்பந்தத்தில் பனாமாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஃபிலிப் பூனோ-வாரியா என்ற பிரெஞ்சுக்காரர். பனாமா குழு வாஷிங்டன் சேரும் முன்பே காரியத்தை முடித்துவிட்டார். 10 மைல் அகல மண்டலம் நிரந்தரமாகப் போனது. 1 கோடி டாலரும் ஆண்டுக்கு 2.5 லட்சமும் கிடைத்தன. கால்வாய் 1999 டிசம்பர் 31 அன்றுதான் பனாமாவிடம் வந்தது.

14. அமெரிக்காவுக்குள்ளேயே யாரும் எதிர்க்கலையா?

வலுவாக எதிர்த்தார்கள். ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கம் 1898இல் பாஸ்டனில் உருவானது. மார்க் ட்வெய்ன், ஆண்ட்ரூ கார்னெகி, முன்னாள் அதிபர் கிளீவ்லாந்து, தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் அதில் இருந்தார்கள். ஆனால் எதிர்த்த எல்லாரையும் நியாயவான்கள் என்று எழுதிவிட வேண்டாம். தென் கரோலினா செனட்டர் பென் டில்மன் போன்றவர்கள், வெள்ளையரல்லாத மக்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகவே இணைப்பை எதிர்த்தார்கள். இரு தரப்பும் ஒரே பக்கம் நின்றார்கள்.

15. பள்ளிக்கூடம் கட்டினாங்க, கடைசியில சுதந்திரமும் கொடுத்தாங்க. மத்த ஏகாதிபத்தியத்தைவிட இது பரவாயில்லைதானே?

1901இல் தாமஸ் கப்பலில் ஏறத்தாழ 500 ஆசிரியர்கள் பிலிப்பைன்ஸ் போனது உண்மை. 1907இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை அமைந்ததும் உண்மை, வாக்குரிமை சொத்தோ கல்வியோ உள்ள சிலருக்குத்தான் என்றாலும். அதேசமயம் வரியற்ற வணிகத்தால் பிலிப்பைன்ஸ் பொருளாதாரம் சர்க்கரை, தேங்காய், அபாகா நார் என அமெரிக்கச் சந்தைக்கே கட்டுண்டது. சுதந்திரத்துக்கு நாள் குறித்த 1934 சட்டத்துக்குப் பின்னால் அமெரிக்க வேளாண் முதலாளிகளும் இருந்தார்கள். பிலிப்பைன்ஸ் சரக்கு வரியில்லாமல் வருவதை நிறுத்த விரும்பினார்கள். அதே சட்டம் பிலிப்பினோ குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேராகச் சுருக்கியது. 1946 ஜூலை 4 அன்று சுதந்திரம் வந்தபோது ராணுவத் தளங்கள் போகவில்லை. 1991இல் தளத்தை நீட்டிக்கும் ஒப்பந்தத்தைப் பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 என்று மறுத்த பிறகுதான் சுபிக் கடற்படைத் தளம் காலியானது.

16. இப்ப என்ன மிச்சம் இருக்கு?

மக்கள் வாழும் ஐந்து நிலப்பகுதிகள்: போர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகள், அமெரிக்கன் சமோவா, பின்னாளில் சேர்ந்த வட மரியானா தீவுகள். இவற்றில் சமோவாதான் குழப்பமானது. அங்கே பிறப்பவர் அமெரிக்காவைச் சேர்ந்தவர் (‘நேஷனல்’), ஆனால் குடிமகன் (‘சிட்டிசன்’) அல்ல. கடவுச்சீட்டிலேயே அந்தக் குறிப்பு இருக்கும். கலிஃபோர்னியாவில் குடியேறினாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்ற பிறகே தேர்தல்களில் வாக்களிக்க முடியும்.

இதை மாற்ற வழக்குகள் நடந்தபோது சமோவா அரசே எதிர்த்தது. அங்கே நிலத்தில் பெரும்பகுதி குடும்பத் தலைவர்களின் பொறுப்பில் உள்ள கூட்டுச் சொத்து. சமோவா வழிவந்தவர் அல்லாதவருக்கு அதை விற்கத் தடை உண்டு. அரசியலமைப்பு முழுதாக வந்தால் சமத்துவப் பிரிவைக் காட்டி அந்தத் தடையை உடைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். 12ஆம் கேள்வியில் பார்த்த 1901 தீர்ப்பு வரிசையைத்தான் அவர்கள் தங்கள் நிலத்துக்குக் காப்பாக நீதிமன்றத்தில் எடுத்து வைக்கிறார்கள்.